விண்ணொளிப்படக் கலையிற் குறையறிதலும் குறைதீர்த்தலும்

பழைய மாணவர்க்கும், இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும், உடனாசிரியர்க்கும் ஒருங்கே பயன்படத்தக்க பொருளொன்றை இவ்விழா மலருக்கு எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். தமிழாசிரியன் எழுதப் புகின் சங்கச் செய்யுளையோ காப்பிய நயத்தையோ எடுத்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. எனினும், 1892ஆம் ஆண்டு நம் அயலூராகிய காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராயும் தமிழ்ப் பேராசிரியராயும் ஒருங்கே விளங்கியவர். அவர் பிறந்த கரையில் வாழும் தமிழாசிரியன் விஞ்ஞானப் பொருளைத் தமிழில் எழுதுதல் மரபுக்கு மாறாகாது.

அண்மைக் காலத்தே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் இளைஞர் பலர் வானத்தை ஒளிப்படம் எடுப்பதில் விருப்பங் கொண்டுள்ளனர். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பிய கமராவும், சிறு தொலைநோக்கியும், அதனைத் தாங்கிச் சுழற்றும் பொறியும் பல வீடுகளில் உள. ஆனால் முதல் இரவிலே விண்மீன்கள் புள்ளிகளாய் விழாது கீற்றுகளாய் விழுகின்றன. இரண்டாம் இரவிலே வில்லையிற் பனி படிகின்றது. மூன்றாம் இரவிலே கணினி கருவியை அறியேன் என்கின்றது. நான்காம் இரவில் அப்பொருள்களெல்லாம் அலுமாரிக்குட் புகுந்துவிடுகின்றன. அங்கே ஓராண்டு கிடந்தால் வில்லையிற் பூஞ்சணம் பிடிக்கும். பின்னர் அவை எவர்க்கும் உதவா. கருவி பழுதென்று கைவிடப்பட்டவற்றுட் பல உண்மையிற் பழுதற்றவை. பழுது எங்கேயுள்ளது என்று தேடும் முறை தெரியாமையே பெரும்பழுது. அம்முறையைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நமது வானம்

கல்முனை ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகை 25 கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 49 கலையிலும் அமைந்தது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்பதை இளையோர் நினைவிற் கொள்க. இவ்விடத்தினின்று நோக்குவார்க்கு வட வானமும் தென் வானமும் ஏறக்குறைய முழுமையாகப் புலப்படும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலுள்ளார் காணப்பெறாத தென்சிலுவையும், ஒமேகா செந்தோரி என்னும் பெரும் விண்மீன் திரளும் நமக்கு நன்கு தெரியும். கிழக்கே இருள் சூழ்ந்த கடல்; மேற்கே வயல் வெளி. இவ்வமைப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இக்கிழக்குக் கரையிலே முன்னர் ஒருவர் இத்தொழிலைப் பெருமையுறச் செய்துள்ளார். கொழும்பிலே 1867ஆம் ஆண்டு பிறந்த பேர்சி மோல்சுவேர்த் என்னும் படைப்பொறியியல் அதிகாரி, திருகோணமலையிலே பன்னிரண்டரை அங்குல ஆடித் தொலைநோக்கியொன்றை நிறுவி, வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாக நோக்கி வரைந்தார். 1901ஆம் ஆண்டு வியாழனின் தென்பகுதியிலே தோன்றிய பெருங்குழப்பமொன்றை முதலிற் கண்டவரும் அவரே. 1908ஆம் ஆண்டு திருகோணமலையிலேயே மறைந்தார். அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஓய்வு நேரத்தில் நோக்கியவர். செவ்வாயில் உள்ள குழியொன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. கடற்காற்றும் பனியும் உப்பும் அவருக்கும் இருந்தனவன்றோ!

2. ஆய்வு முறை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருத்துவனுக்குக் கூறிய முறை கருவிக்கும் பொருந்தும். நோய் இன்னதெனத் தெளிந்து, அது பிறந்த காரணத்தைத் தேடி, தணிக்கும் வழியை அறிந்து, அதன்பின்னரே செயலிற் புகுதல் வேண்டும். நம் இளைஞர் பெரும்பாலும் இறுதிப் படியிலிருந்தே தொடங்குகின்றனர். விண்மீன் நீண்டு விழுந்தால் உடனே திருகாணியொன்றைத் திருப்புகின்றனர், மென்பொருளில் எண்ணொன்றை மாற்றுகின்றனர், வயரையும் மாற்றுகின்றனர். பின்னர்ப் படம் திருந்தினாலும் எதனாற் றிருந்தியது என்று அறியார். கெட்டாலும் எதனாற் கெட்டது என்று அறியார்.

ஆதலின் மூன்று விதிகளைக் கைக்கொள்க. முதலாவது, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டாவது, மாற்றியதைக் குறிப்புப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுக. மூன்றாவது, எளிய காரணத்தை முதலிலும் அரிய காரணத்தைப் பின்னரும் ஐயுறுக. வில்லை மூடியைக் கழற்றாது கணினியைக் குறைகூறுதல் இத்துறையில் அடிக்கடி நிகழும்.

3. விண்மீனின் வடிவமே நோயின் குறி

எடுத்த படத்தைப் பெரிதாக்கி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் உள்ள விண்மீன்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் வடிவம் பெரும்பாலான குறைகளைத் தானே கூறிவிடும்.

எல்லா விண்மீன்களும் ஒரே திசையில் ஒரே அளவாக நீண்டிருந்தால், சுழற்றும் பொறியின் குறை. நடுவில் வட்டமாயும் மூலைகளில் நீண்டும் இருந்தால், வில்லைக்கும் கமராவுக்கும் இடையேயுள்ள தூரமோ சாய்வோ பிழையாகும். எங்கும் வட்டமாயினும் பருத்து மங்கியிருந்தால், குவியப் பிழை அல்லது பனிப் படிவு. வளைந்தும் நெளிந்தும் இரட்டையாயும் இருந்தால், காற்று, கால் தட்டுதல், வயர் இழுபடுதல் என்பனவற்றுள் ஒன்று. ஆடித் தொலைநோக்கியில் நடுத் துளையுள்ள வளையம்போற் றோன்றினால் குவியம் தவறியது. அத்துளை ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் ஆடிகள் நேர்நிற்கவில்லை.

நீண்ட விண்மீனின் காரணத்தை மேலும் பிரித்தறிய ஓர் எளிய உபாயம் உண்டு. ஒரு நிமிட நேரம் பொறியை இயக்கிப் படம் எடுக்குக. கமராவின் கண் மூடுமுன், பொறியை ஐந்து வினாடி நிறுத்துக. அவ்வைந்து வினாடியில் விண்மீன் கிழக்கு மேற்காகச் சிறு கீற்றொன்றை வரையும். முன்னைய நீட்சி அக்கீற்றுக்கு இணையாயிருந்தால், பற்சில்லின் ஏற்றத்தாழ்வு, எடைச் சமனின்மை, அல்லது விண்மீன் வேகத்திற்குப் பதிலாகத் திங்களின் வேகமோ ஞாயிற்றின் வேகமோ தெரிவு செய்யப்பட்டமை காரணமாகும். செங்குத்தாயிருந்தால் பெரும்பாலும் துருவத்தை நோக்கி அச்சு சரியாக நிறுத்தப்படவில்லை என்க.

4. துருவ நேர்ப்பாடு: நம் ஊரின் தனித் துன்பம்

மேல்நாட்டுக் கைந்நூல்கள் யாவும், துருவ மீனைச் சிறு குழாயினூடே கண்டு அச்சை நேர்நிறுத்துக என்று எழுதி முடிக்கும். இலண்டனில் அம்மீன் ஐம்பது பாகைக்கு மேல் நிற்கும். நமக்கோ அடிவானத்தினின்று ஏழு பாகை உயரத்திலே, தென்னை மரங்களுக்கும் கடற் புகாருக்கும் நடுவே, நிற்கின்றது. பல இரவுகளில் அது கண்ணுக்கே புலப்படாது. புலப்பட்டாலும், அவ்வளவு தாழ்ந்த உயரத்தில் வளிமண்டலம் ஒளியை வளைத்து, மீனை ஏறத்தாழ ஏழு கலை உயர்த்திக் காட்டும். அன்றியும் துருவ மீன் உண்மைத் துருவத்தினின்று ஏறத்தாழ நாற்பது கலை விலகியது.

இதன் விளைவைக் கணக்கிட்டுக் காட்டுவோம். அச்சு ஒரு கலை விலகினால், விண்மீன் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் ஏறத்தாழ கால் விகலை நகரும். அரைப் பாகை, அதாவது 30 கலை விலகினால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 8 விகலை. இனி, ஒரு படப்புள்ளி வானத்தில் எத்தனை விகலையை அடக்கும் என்பதை அறிய, படப்புள்ளியின் அகலத்தை மைக்குரோமீற்றரில் எடுத்து 206ஆற் பெருக்கி, வில்லையின் குவியத்தூர மில்லிமீற்றராற் பிரிக்க. 4 மைக்குரோமீற்றர்ப் புள்ளியும் 200 மில்லிமீற்றர் வில்லையும் உடையார்க்கு விடை ஏறத்தாழ 4 விகலை. எனவே நிமிடத்திற்கு இரண்டு புள்ளி நகர்வு. மூன்று நிமிடப் படத்தில் ஆறு புள்ளி நீட்சி. படம் கெட்டதன் காரணம் இவ்வளவே. புதிய பொறி வாங்கினாலும் இக்குறை நீங்காது.

தீர்வு இரண்டு உள. முதலாவது பழைய நகர்வு முறை. இதற்குத் துருவ மீனே வேண்டியதில்லை. உச்சியருகே, தெற்கு வடக்குக் கோட்டின்மேல் நிற்கும் விண்மீனொன்றை நோக்குக. அது சில நிமிடத்தில் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியுள்ளது. வடக்கே நகர்ந்தால் மேற்கே விலகியுள்ளது. அதனைத் திருத்தியபின், கீழ்வானில் கடலின்மேல் எழும் விண்மீனை நோக்குக. அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்துள்ளது. வடக்கே நகர்ந்தால் உயர்ந்துள்ளது. பார்வையில் எது தெற்கு என ஐயம் எழுந்தால், தொலைநோக்கியைச் சற்றே வடக்கே அசைக்க. மீன் எத்திசைக்குச் செல்கின்றதோ அதுவே தெற்கு. கீழ்த்திசையில் மறைப்பில்லாத கடல் வாய்த்திருப்பதால் இம்முறை நமக்கென்றே அமைந்ததுபோலும்.

இரண்டாவது கணினி முறை. நினா, சார்ப்கேப் முதலிய மென்பொருள்கள், வானத்தைப் படமெடுத்து, அதிலுள்ள விண்மீன்களை அட்டவணையோடு பொருத்தி, அச்சு எவ்வளவு விலகியது என்று கூறவல்லன. அவற்றுள் துருவம் தெரிய வேண்டிய முறையை விடுத்து, வானத்தில் வேறிடத்தே மூன்று படங்கள் எடுத்துக் கணிக்கும் முறையைத் தெரிவு செய்க.

இன்னுமொன்று. குளிர்நாட்டார்க்கெனச் செய்யப்பட்ட தாங்கிகளுட் சில ஏழு பாகைக்குத் தாழா. தாழ்ந்தாலும், எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் மோதும். அத்தகைய தாங்கிக்கு முக்காலியின் வடகாலைக் குறைத்து முழுவதையும் வடக்கே சாய்த்தல் ஒரு வழி. சாய்த்தபின் அது கவிழாதிருக்க, நடுவில் மணற்பை கட்டித் தூக்குக. எதிரெடை காலில் இடிக்குமோ என்று பகலிலேயே முழுச்சுற்றும் சுழற்றிப் பார்த்துக்கொள்க.

பொறியே இல்லாதார் சோர்வடைய வேண்டா. 500 என்னும் எண்ணைக் குவியத்தூரத்தாற் பிரித்தால், முழுச்சட்டக் கமராவுக்கு விண்மீன் நீளாத வினாடி ஏறத்தாழக் கிடைக்கும்; சிறு உணரியுடைய கமராவுக்கு அதனை மேலும் ஒன்றரையாற் பிரிக்க. 20 மில்லிமீற்றர் வில்லைக்கு முறையே 25 வினாடி, 16 வினாடி. ஆனால் நம் தலைக்கு மேலே செல்லும் விண்மீன்கள் வான மத்தியகோட்டை அண்டியவை. அவையே மிக விரைந்து நகர்வன. ஆதலின் நாம் இன்னுஞ் சற்றுக் குறைத்துக்கொள்ளல் நலம்.

5. உப்பும் பனியும் காற்றும்

கடற்கரையில் நின்று படம் எடுப்பார்க்கு இருள் மிகுதி, உப்பும் மிகுதி. வயல் வரம்பில் நிற்பார்க்கு உப்புக் குறைவு. பனியும் பூச்சியும் மிகுதி. கடற்கரையில் நின்றால் ஊரின் வெளிச்சம் மேற்கே இருத்தலின், பொருள் கீழ்வானில் இருக்கும்போதே எடுத்துவிடல் வேண்டும்.

பனி படிதலின் குறி யாதெனின், முதற் படங்கள் தெளிவாயும் பின்னையவை வரவர மங்கியும் இருத்தல். வில்லையைத் துணியாற் றுடைத்தல் தீர்வாகாது. அடுத்த நிமிடமே மீண்டும் படியும். துடைக்கும் போது உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். குழாயின் வாய் அகலத்தில் ஒன்றரை மடங்கு நீளமுள்ள கறுப்பு அட்டை உறையைச் சுற்றுக. இயன்றால், சிறு மின்சூட்டுப் பட்டியும் கட்டுக. குளிரூட்டிய அறையினின்று கருவியை நேரே வெளியே கொணர்தலும் ஆகாது. பையை மூடியபடியே அரை மணிநேரம் வெளியில் வைத்துப் பின்னர்த் திறக்க.

வைகாசி முதல் ஆவணி வரை வானம் தெளிந்திருக்கும். பால்வீதியின் நடுப்பகுதியும் இரவில் உயர்ந்து நிற்கும். ஆனால் அக்காலத்தே கச்சான் காற்று வீசும். முக்காலியின் கால்களை நீட்டாது தாழ்த்தி வைத்தலும், சுவர் மறைவில் நிற்றலும், நீண்ட படம் ஒன்றுக்குப் பதிலாகக் குறும்படங்கள் பல எடுத்தலுமே தீர்வு. வீட்டுக்கு வந்தபின் உலோகப் பகுதிகளைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய பெட்டியில் வைக்க. மணிகள் நிறம் மாறினால் அவற்றை வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். இதனை நாளும் செய்வார் கருவி நெடுங்காலம் வாழும்.

6. குவியம்

விண்மீனுக்குத் தானியங்கிக் குவியம் உதவாது. கைக்குவியத்துக்கு மாற்றி, ஒளிமிக்க மீனொன்றைப் பெரிதாக்கிக் காண்க. 2005ஆம் ஆண்டு உருசிய நாட்டவரான பாவெல் பாட்டினோவ் வகுத்த கீற்றுமூடியை வில்லையின்முன் வைத்தால், மீன் மூன்று கதிர்களாகத் தோன்றும். நடுக்கதிர் மற்றிரண்டின் சரிநடுவே வருமிடமே குவியம். அட்டையில் வெட்டியே இதனைச் செய்துகொள்ளலாம். குவியம் கண்டபின் வில்லை வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுக. இரவு குளிருந்தோறும் குவியம் நகரும். ஆதலின் மணிக்கொருமுறை மீளப் பார்க்க.

இதன் முதன்மையை 1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பு உணர்த்தும். ஒளி ஞாயிற்றின் அருகே வளையும் என்னும் ஐன்சுரைனின் கூற்றைச் சோதிக்க, ஆங்கில அறிஞர் பிரேசில் நாட்டுச் சோபிரல் என்னும் ஊருக்குத் தொலைநோக்கிகள் இரண்டு கொண்டு சென்றனர். பெரியதில் எடுத்த படங்கள் குவியம் தவறி மங்கின. ஞாயிற்றின் வெப்பம் ஒளியைத் திருப்பும் ஆடியைத் திரித்ததே காரணம் என எண்ணப்பட்டது. துணைக்கெனக் கொண்டு சென்ற நான்கங்குலச் சிறு தொலைநோக்கியே நல்ல படங்கள் ஏழு தந்தது. இரண்டாவது கருவி இல்லாதிருப்பின், அவர் கடல் கடந்து சென்ற உழைப்பின் பெரும்பகுதி வீணாகியிருக்கும்.

7. கமராவும் மின்னும்

நீண்ட நேரப் படங்களில் சிவப்பும் நீலமுமான புள்ளிகள் ஒரே இடத்திற் றோன்றுதல் விண்மீனன்று. உணரியின் வெப்பப் புள்ளி. உணரியின் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியசு உயருந்தோறும் இவ்விரைச்சல் இருமடங்காகும். நம் இரவு குளிராதாதலின் நமக்கு இத்துன்பம் மிகுதி. வில்லையை மூடி, அதே நேர அளவிலும் அதே உணர்திறனிலும் இருபது இருட்படங்கள் எடுத்து, மென்பொருளிற் கழிப்பித்தலே மருந்து. அவை அதே இரவில் அதே வெப்பத்தில் எடுக்கப்படல் வேண்டும்.

வட்டமான நிழற் கறைகள் தூசியால் வருவன. அந்தி வானத்தை நோக்கிய வில்லையின்மேல் வெள்ளைத் துணியைச் சுருக்கமின்றி விரித்து, சமவொளிப் படங்கள் எடுத்தால் அவையும் நீங்கும். குவியத்தையோ கமராவின் திருப்பத்தையோ இடையில் மாற்றினால் அப்படங்கள் பயன்படா.

பொறி இடையிடையே நிற்கின்றதா? கணினி கமராவை இழக்கின்றதா? மென்பொருளை ஐயுறுமுன் மின்னை ஐயுறுக. 12 வோல்ற்றுப் பற்றரியின் அழுத்தத்தைச் சுமையோடு அளந்து பார்க்க. மெல்லிய நீள்வயரில் அழுத்தம் குன்றும். 7 அம்பியர்-மணிப் பற்றரி, இரண்டு அம்பியர்ச் சுமைக்குக் கணக்கில் மூன்றரை மணிநேரம் தரும். செய்கையில் அதனினும் குறைவு. அடுத்து யூ.எஸ்.பி. வயரை மாற்றிப் பார்க்க. பின்னர், கணினி தானே உறங்குதலையும், மின்சிக்கனத்துக்காக இணைப்புவாயை அணைத்தலையும், நள்ளிரவிலே தன்னைப் புதுப்பித்தலையும் நிறுத்துக.

8. மென்பொருள்

பொறியைச் சனிக்குச் செல்லுமாறு பணித்தால் அது வெறுவெளியை நோக்குகின்றதா? ஐந்து எண்களைச் சரிபார்க்க: நாள், நேரம், நேர வலயம், அகலக்கோடு, நெடுங்கோடு. சில கையியக்கிகள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் கேட்கும். அதனால் ஏப்ரில் 5ஆம் நாள் மே 4ஆம் நாளாகிவிடும். நெடுங்கோட்டைக் கிழக்கு என்று இடாது மேற்கு என்று இடுவாருமுளர்.

நேர வலயத்தில் இலங்கையருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1996ஆம் ஆண்டு நம் நாட்டுக் கடிகாரம் முதலில் ஆறரை மணிக்கும் பின்னர் ஆறு மணிக்கும் முன்தள்ளப்பட்டது. 2006 ஏப்ரிலிலே ஐந்தரை மணிக்கு மீண்டது. பழைய மென்பொருளில் கொழும்பு நேரம் ஆறு மணி என்றே இருத்தல் கூடும். அரை மணிநேரப் பிழை வானத்தில் ஏழரைப் பாகைப் பிழையாகும். அது பதினைந்து முழுத்திங்களின் அகலம். பொறி பழுதென்று எண்ணுமுன் இதனை நோக்குக.

விண்மீன்களைப் பொருத்தி இடமறியும் மென்பொருள் தோல்வியுற்றால், நாம் இட்ட குவியத்தூரமும் படப்புள்ளி அளவும் சரியா, அட்டவணைக் கோப்பு இறக்கப்பட்டுள்ளதா, படம் குவியத்தில் உள்ளதா என்று அவ்வரிசையில் ஆராய்க. விண்மீனைத் தொடர்ந்து பொறியைத் திருத்தும் பி.எச்.டி.2 என்னும் மென்பொருளைப் பழக்கும்போது, வான மத்தியகோட்டருகே, அதாவது நமக்கு உச்சிக்கு அண்மையில், பழக்குக. அதன் வரைகோடு அமைதியாயிருந்தும் விண்மீன் நீண்டால், வழிகாட்டும் சிறு குழாய் தளர்ந்து தொங்குகின்றது என்பது பொருள். திருகாணியை இறுக்கினாற் போதும்.

படங்களை அடுக்கும் டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் ஆகியன இலவசமாகவே கிடைக்கின்றன. நூறு படங்களில் ஒன்றையே அடுக்கினேன் என்று மென்பொருள் கூறினால், விண்மீன்களை அது போதியளவு காணவில்லை. காணும் எல்லையைத் தாழ்த்துக. அடுக்குதலின் பயன் வர்க்கமூல விதியால் அமையும்: பதினாறு படங்களை அடுக்கினால் இரைச்சல் நான்கிலொன்றாகும்; அதனை மேலும் பாதியாக்க அறுபத்துநான்கு வேண்டும். ஆதலின் ஐந்து படத்தோடு நின்று, குறையைக் கணினியால் மறைக்க முயல்வது வீண்.

9. மெய்ம்மை

இவ்விடத்தே ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். இன்றைய மென்பொருள்கள் இல்லாத நுண்மையையும் வரைந்து காட்டவல்லன. கமரா பெற்ற ஒளியை வெளிப்படுத்துதல் தகும். பெறாததை வரைந்து சேர்த்துவிட்டு ஒளிப்படம் என்பது பொய்ச் சான்றாகும். ஏறத்தாழ 964ஆம் ஆண்டிலே பாரசீக நாட்டு அறிஞர் அப்துர் ரகுமான் அல்சூஃபி, விண்மீன்கள் பற்றிய தம் நூலில், அந்திரோமேதாவில் உள்ளதை ஒரு சிறு முகில் என்று குறித்தார். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியமையாலேயே அக்குறிப்பு ஆயிரம் ஆண்டு கடந்தும் மதிக்கப்படுகின்றது. அல்தெபரான், அல்தயிர் முதலிய அரபுப் பெயர்கள் உலகெங்கும் வழங்குதலையும், தலைப்பிறையை ஊரார் கூடிநின்று தேடும் நம் கரையின் வழக்கத்தையும் எண்ணுவார்க்கு, வானத்தைப் பற்றிய சொல் மெய்யாயிருத்தலின் அருமை விளங்கும்.

தனக்கு மாறான சான்றைத் தள்ளிவிடுதலும் மெய்ம்மைக்குப் பகையே. 1990ஆம் ஆண்டு விண்ணிலேற்றப்பட்ட அபிள் தொலைநோக்கியின் பேராடி, சோதனைக் கருவியின் வில்லையொன்று 1.3 மில்லிமீற்றர் இடம் மாறியமையாற் பிழையாகத் தீட்டப்பட்டது. வேறு எளிய சோதனைகள் அப்பிழையைக் காட்டியும் அவை நம்பப்படவில்லை. 1993 திசம்பரிலே விண்வெளி வீரர் சென்று திருத்தும் வரை படங்கள் மங்கியே வந்தன.

10. காத்திராத வேளைகள்

புகையுருவை நாளையும் எடுக்கலாம், மறைப்புகள் காத்திரா. 1955 யூன் 20ஆம் நாள் இலங்கையின்மேற் சென்ற முழு ஞாயிற்று மறைப்பைப் படமெடுக்க வெளிநாட்டு அறிஞர் பலர் வந்தனர். முகில் அவர்க்குப் பெருந்தடையாயிற்று. 2019 திசம்பர் 26ஆம் நாள் வடக்கே வளைய மறைப்பும் நம்மூரிற் பகுதி மறைப்பும் தோன்றின. இனி, 2028 திசம்பர் 31ஆம் நாளிரவு ஏறத்தாழப் பத்தரை மணியளவில் முழுத் திங்கள் மறைப்பு நமக்குத் தெரியும். 2031 மே 21ஆம் நாள் வளைய ஞாயிற்று மறைப்பு தென்னிந்தியாவினூடும் இலங்கையின் வடபகுதியினூடும் செல்லும்.

முகிலுக்கு மருந்தில்லை, மற்றெல்லாக் குறைக்கும் முன்னொத்திகையே மருந்து. முழுமறைப்பிற் றிங்களின் ஒளி பல்லாயிரம் மடங்கு குன்றும். வினாடியில் நூற்றிலொரு பங்கில் எடுத்த படத்திற்கு அப்போது பல வினாடி வேண்டும். அதனை அன்றிரவு கற்றல் இயலாது. ஞாயிற்றை எடுப்பாரோ, அதற்கென்றே செய்த வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் உறுதியாகக் கட்டாது ஒரு கணமும் நோக்கலாகாது. துணைக்குழாயையும் மூடுக. கருவியின் பழுதைத் திருத்தலாம். கருகிய கண்ணைத் திருத்த இயலாது. இளையோர் இம்முயற்சியில் இறங்கும்போது மூத்தவர் ஒருவர் அருகில் நிற்றல் கட்டாயம்.

11. முடிவுரை

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டு அலுமாரியில் உறங்கும் கமராவோ தொலைநோக்கியோ இருப்பின், அதனை வெளியே எடுத்து, மேற்கூறிய முறையில் ஒருமுறை சோதித்துப் பார்க்க. தமக்கு வேண்டாவெனின் கல்லூரி விஞ்ஞானக் கழகத்துக்கு அளிக்க. மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்புப் புத்தகம் திறந்து, நாள், நேரம், காற்று, பனி, கண்ட குறை, செய்த மாற்றம், விளைந்த பயன் ஆகியவற்றை எழுதி வருக. ஒருவன் மூன்று மாதம் எழுதிய புத்தகம் அடுத்த வகுப்பான் மூன்று இரவிற் கற்கும் பாடமாகும். வரும் விழா மலரிலே, 2028ஆம் ஆண்டுத் திங்கள் மறைப்பை நம் மாணவர் எடுத்த படங்கள் அச்சேறுக!